யாருடைய சுமை, யாருடைய கணக்கு? முதியோர் பகல்நேர மையங்களுக்குள் குடும்பம் நுழைந்த வரலாறு

முதியோர் பகல்நேர மையம் என்றதும், வேலைக்குப் போகும் வழியில் தாயை இறக்கிவிட்டு மாலையில் வந்து அழைத்துச் செல்லும் மகள்தான் இன்று நினைவுக்கு வருகிறாள். ஆனால் இந்த ஏற்பாட்டின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டினால், 1980-களுக்கு முன் அந்த மகள் அபூர்வமாகவே தென்படுகிறாள். பிரிட்டனில் பகல்நேரச் சேவை மருத்துவமனைக் கட்டில்களைக் காலிசெய்வதற்காகப் பிறந்தது. அமெரிக்காவில் அதற்கு முழு உருவம் கொடுத்த இடம் சான் ஃபிரான்சிஸ்கோவின் சைனாடவுன். மனைவி மக்கள் அருகில் இல்லாமல் முதுமையடைந்தவர்கள் நிறைந்த பேட்டை அது. குடும்பத்தாரின் சுமையைக் குறைப்பது என்ற நோக்கம் இவற்றுக்கெல்லாம் பிறகே வந்து சேர்ந்தது. வந்த பின்னும், பணம் கொடுத்தவர்களின் கணக்கேட்டில் நெடுங்காலம் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாமதம் எப்படி நேர்ந்தது என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

கட்டில்களும் பகல்களும்

1935-இல் லண்டனின் மேற்குப் புறத்திலிருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்து ஏழையர் விடுதியின் நோயாளிப் பிரிவையும் ஏற்றுக்கொண்டது. அதன் 700-க்கு மேற்பட்ட படுக்கைகள் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்புக்கு வந்தன. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். தீராத நோயாளிகள் என்ற ஒரே முத்திரையின்கீழ் ஆண்டுக்கணக்காகப் படுத்துக் கிடந்தவர்கள். வாரன் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்து வகைபிரித்தார். எழுந்து உட்காரவும் நடக்கவும் பழக்கினார். கணிசமானோர் வீடு திரும்பினார்கள். 1943-இலும் 1946-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளைப் பிரிட்டனின் முதியோர் மருத்துவத் துறை இன்றும் தன் தொடக்கமாகக் கொள்கிறது.

அதே வழியில் நடந்த இன்னொருவர் லயனல் கோசின். அறுவைச் சிகிச்சை நிபுணரான இவர், போர்க்காலத்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியின் ஆர்செட் மருத்துவமனையில் முதிய நோயாளிகளின் பொறுப்பை ஏற்றபோது, இடுப்பெலும்பு முறிந்தவர்களுக்கு அறுவை செய்து நடக்கவைத்தார். அன்றைய வழக்கத்துக்கு அது துணிச்சலான காரியம். 1950 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டின் கௌலி ரோடு மருத்துவமனைக்கு வந்தார். அதுவும் ஒரு காலத்தில் ஏழையர் விடுதியாக இருந்த கட்டடமே. ஒரு முதியவரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினால், சில வாரங்களில் அவர் பழைய நிலைக்கே சரிந்துவிடுவது அங்கே அவர் எதிர்கொண்ட சிக்கல். உடற்பயிற்சி நின்றுபோகும், சாப்பாடு ஒழுங்கு தவறும், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். இரவில் வீடு, பகலில் மருத்துவமனை என்று பிரித்தால் என்ன? கௌலி ரோட்டில் 1950-களில் இது வழக்கமானது. 1958-இல் இதற்கென்றே தனிக் கட்டடம் எழுந்தது. மனநல மருத்துவத்தில் இத்தகைய பகல் மருத்துவமனைகள் முன்பே மாஸ்கோவிலும் மான்ட்ரியலிலும் லண்டனிலும் இருந்தன. முதியோருக்காகத் திட்டமிட்டுக் கட்டியது கௌலி ரோடுதான்.

இந்தக் கண்டுபிடிப்பின் கணக்கு வெளிப்படையானது. பகலில் ஒருவருக்கு இடம் கொடுத்தால் ஒரு கட்டில் காலியாகும். 1948-இல் பிறந்த தேசிய சுகாதாரச் சேவைக்குக் கட்டில்தான் பெரும் பற்றாக்குறை. இந்தக் கணக்கில் நோயாளியை அனுப்பிவைக்கும் முகவரியாகக் குடும்பம் இடம்பெற்றது. மகள் ஏற்றுக்கொள்வாளா மாட்டாளா என்பது மருத்துவருக்கு முக்கியம். ஏற்றுக்கொண்ட பின் அவள் எப்படி இருக்கிறாள் என்பது மருத்துவமனையின் கேள்வி அல்ல. அதே 1948-இன் தேசிய உதவிச் சட்டம் முதியோருக்கான விடுதிகளை உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. சிகிச்சை ஒரு துறை, பராமரிப்பு வேறொரு துறை என்று விழுந்த கோடு இன்றும் அழியவில்லை. பகல் மருத்துவமனை கோட்டின் ஒரு பக்கமும், மதிய உணவும் சீட்டாட்டமும் கொண்ட பகல் மையம் மறுபக்கமும் நின்றன. ஃபார்ஸ்டர், யங், லாங்ஹார்ன் மூவரும் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1999-இல் வெளியிட்ட மதிப்பீடு, ஒருங்கிணைந்த கவனிப்பு எதுவுமே கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் பகல் மருத்துவமனை பயன் தருகிறது, முதியோருக்கான பிற முழுமையான சேவைகளைவிடத் தெளிவாக மேலானதல்ல என்றது. நாற்பதாண்டுப் பெருமிதத்துக்குச் சற்றுக் கசப்பான தீர்ப்பு.

அமெரிக்காவுக்கு இந்த யோசனையைக் கொண்டுசென்றவர்களில் கோசினே முதன்மையானவர். 1960-களின் தொடக்கத்தில் வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ நகரிலுள்ள செர்ரி மருத்துவமனையில் அவருடைய வழிகாட்டலில் முதியோருக்கான பகல்நேரத் திட்டம் நடந்தது. கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மாநில மனநல மருத்துவமனை அது. நிறப் பிரிவினை அங்கே 1965-இல்தான் நீங்கியது. துறை வரலாறுகள் பலவும் கோசினின் பெயரைச் சொல்லிவிட்டு இந்தச் செய்தியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அடுத்து வரும் சைனாடவுனோடு சேர்த்துப் பார்த்தால் இதைத் தாண்ட முடியாது.

சைனாடவுனில் நடந்தது

அமெரிக்கக் காங்கிரஸ் 1875-இல் நிறைவேற்றிய பேஜ் சட்டம் சீனப் பெண்களின் வருகையை ஏறக்குறைய நிறுத்தியது. 1882-இன் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்களையே தடுத்தது. 1943-இல் தடை நீங்கியபோது சீனர்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 105 பேர். 1965-இல்தான் அந்தக் கதவு உண்மையில் திறந்தது. ஃபிலிப்பினோ ஆண்களுக்கு வேறு வகைச் சுவர் இருந்தது: வெள்ளையரை மணக்க அவர்களுக்குக் கலிஃபோர்னியச் சட்டம் விதித்த தடை, மாநில உச்ச நீதிமன்றம் 1948-இல் அடித்து வீழ்த்தும்வரை நின்றது. இந்தச் சட்டங்களின் விளைவை 1960-களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் விடுதி அறைகளில் காணலாம். இளைஞர்களாகக் கப்பலேறி வந்து, சமையற்கட்டிலும் சலவைக்கடையிலும் வயலிலும் உழைத்து, மணமாகாமலோ மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டோ முதிர்ந்தவர்கள். ஒற்றை அறை, குளியலறையும் அடுப்பும் பொது. அத்தகைய விடுதிகளில் ஒன்றான இன்டர்நேஷனல் ஹோட்டலின் முதியவர்களை 1977 ஆகஸ்ட் 4 அன்று விடியுமுன் காவல்துறை வெளியேற்றியது, அந்த நகரத்தின் நினைவில் இன்றும் ஆறாத செய்தி.

சைனாடவுன், நார்த் பீச் பகுதிகளில் சீன, ஃபிலிப்பினோ, இத்தாலிய முதியவர்களின் நிலை மோசமாகிவருவது 1960-களின் பிற்பகுதியில் பொதுச் சுகாதாரத் துறையின் கவனத்துக்கு வந்தது. வில்லியம் கீ என்ற பல் மருத்துவர் உள்ளூர்க்காரர்களைத் திரட்டினார். தங்கள் பகுதியிலேயே நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்று கட்டவேண்டும் என்பதே அவர்களின் விருப்பம். அது முடியுமா என்று ஆராய, சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த சமூகப் பணியாளர் மேரி-லூயிஸ் ஆன்சாக்கை 1971-இல் அமர்த்தினார்கள். நிலமும் கட்டுமானமும் கட்டுப்படியாகாது, அப்படியே கட்டினாலும் அந்த மக்களுக்கு அது பொருந்தாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். தெரு, கடை, தேநீர், காண்டனீஸ் பேச்சு இவற்றிலிருந்து ஒருவரைப் பிரித்துப் படுக்கையில் சேர்ப்பதை அங்கே யாரும் கவனிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரிட்டனின் பகல் மருத்துவமனை மாதிரியை ஆன்சாக் கையிலெடுத்தார். ஆன் லோக் என்று பெயரிடப்பட்ட அமைப்பு பதிவானது; 1973-இல் அதன் முதல் பகல் மையம் திறந்தது. அமெரிக்காவின் முதல் சில மையங்களில் அதுவும் ஒன்று.

பிறகு அந்த மையம் வளர்ந்த விதத்தைப் பார்க்கவேண்டும். முதியவர் பகலில் வந்துபோகிறார் என்றால், வராத நேரத்தில் அவருக்கு என்ன நடக்கிறது? இந்தக் கேள்வி ஒவ்வொரு கட்டத்திலும் சேவையை வெளியே தள்ளியது. 1975-க்குள் வீட்டுக்கு ஆளனுப்பும் பணி, வீட்டுக்குச் சாப்பாடு, குடியிருப்பு ஏற்பாடு ஆகியவை சேர்ந்தன. 1978-இல் மருத்துவமும் முழுமையாக உள்ளே வந்தது. வேறு இடங்களில் குடும்பம் இரவில் செய்யும் என்று எடுத்துக்கொண்டதை, இங்கே செய்ய ஆளில்லாததால் அமைப்பே செய்யவேண்டியிருந்தது. பிரிட்டனில் கோசின் வீட்டின் பொறுப்பில் விட்ட இரவை ஆன் லோக் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. குடும்பம் ஓசையின்றிச் செய்யும் வேலை எவ்வளவு என்பது, அது இல்லாத இடத்தில்தான் முதன்முதலாகப் பட்டியலானது என்று நான் கருதுகிறேன்.

பணம் வரும் முறையும் மாறியது. வருமானம் குறைந்தோருக்கான பொதுக் காப்பீடான மெடிகெய்ட், 1974-இல் கலிஃபோர்னியாவில் பகல் மையச் செலவை ஏற்கத் தொடங்கியது. 1977-இல் மாநிலச் சட்டமும் வந்தது. ஆனால் செய்த பணிக்குப் பணி ரசீது அனுப்பும் முறை ஆன்சாக்கின் நோக்கத்துக்கு ஒத்துவரவில்லை. 1983-இல் மத்திய அரசு வேறொன்றைச் சோதித்துப் பார்க்க அனுமதித்தது: தலைக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. அதற்குள் மருத்துவர், மாத்திரை, மருத்துவமனை, குளிப்பாட்டல், வாகனம், தேவைப்பட்டால் பராமரிப்பு இல்லம் வரை எல்லாவற்றையும் அமைப்பே பார்த்துக்கொள்ள வேண்டும். நட்டம் வந்தால் அதுவும் அமைப்பின் தலையில்.

இந்த ஏற்பாட்டில் ஒரு முதியவர் தவறி விழுவது அமைப்பின் சொந்தச் செலவு. எனவே அவர் விழப்போகிறார் என்பதை முன்கூட்டியே யார் கவனிக்கிறார்களோ அவர் முக்கியமானவர் ஆகிறார். பின்னாளில் பேஸ் என்ற பெயரில் நாடு முழுதும் பரவிய இந்த மாதிரிக்கு மத்திய அரசு வகுத்த விதிகளில், ஒவ்வொருவரின் பராமரிப்பையும் முடிவுசெய்யும் குழுவில் இருக்கவேண்டிய 11 பேரின் பட்டியல் உண்டு. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், உடலியக்கச் சிகிச்சையாளர், உணவியலாளர் என்று நீளும் அந்தப் பட்டியலில் வேன் ஓட்டுநரும் இருக்கிறார். காலையில் படியிறங்கும்போது நேற்றைவிட இன்று கை அதிகம் நடுங்குகிறது, கதவைத் திறக்க இன்று நேரமாகிறது, அடுப்பங்கரையிலிருந்து கருகல் வாடை வருகிறது: இவற்றையெல்லாம் முதலில் பார்ப்பவர் ஓட்டுநர்தானே. நோய்க்குறி காண்பதில் ஓட்டுநருக்குச் சட்டம் இடம் கொடுத்த வேறொரு மருத்துவ ஏற்பாட்டை நான் அறியேன்.

1986-இல் காங்கிரஸ் இதை 10 இடங்களில் முயன்றுபார்க்க இசைந்தது. 1990-இல் முதல் பிரதிகள் இயங்கத் தொடங்கின. 1997-இன் நிதிச் சமநிலைச் சட்டம் இதை முதியோரின் பொதுக் காப்பீடான மெடிகேர், மெடிகெய்ட் இரண்டின் நிரந்தர அங்கமாக்கியது. 55 வயது நிரம்பி, பராமரிப்பு இல்லத்தில் சேரவேண்டிய நிலையில் இருப்பதாக மாநிலம் சான்றளித்தவர்கள் மட்டுமே சேரலாம். இன்று 30-க்கு மேற்பட்ட மாநிலங்களில் சுமார் 80,000 பேர் இதில் இருக்கிறார்கள். நாட்டின் அளவுக்கு இது சொற்பம்.

விலையில்லாத உழைப்பு

பேஸ் வட்டத்துக்கு வெளியே, சாதாரணப் பகல் மையங்களின் கதை வேறு தடத்தில் போனது. 1972-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், பகல் மையங்களையும் வீட்டு உதவிச் சேவையையும் சோதித்துப் பார்க்க நிதி ஒதுக்கியது. முதியவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடந்த சோதனை அது. வில்லியம் வைசர்ட்டும் உடனாய்வாளர்களும் 1980-இல் வெளியிட்ட முடிவுகள் மையங்களின் ஆதரவாளர்களுக்கு அடியாக விழுந்தன. பகல் மையத்தால் அரசின் மொத்தச் செலவு குறையவில்லை, கூடியது. மையத்துக்கு வராத குழுவிலும் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர்கள் சிலரே. ஆகவே மையம் யாரையும் பெரிதாகத் தடுத்துவிடவில்லை. இருக்கிற செலவின் மேல் இன்னொரு செலவு என்பதே தீர்ப்பு.

எண்கள் சரி. கேள்வியில்தான் கோளாறு. மையத்துக்கு வந்தவர்கள் பராமரிப்பு இல்லத்துக்குப் போகாதது ஏன்? அவர்களை வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மையம் இடம்பிடித்தது இல்லத்தின் படுக்கையை அல்ல. மகளின், மனைவியின் பகல்பொழுதை. அந்தப் பொழுதுக்கு விலை குறித்தவர் இல்லாததால், அதை மீட்டுக்கொடுத்தது லாபமாகப் பதிவாகவில்லை, செலவு மட்டும் பதிவானது. ஆனாலும் 1981-இல் மெடிகெய்ட் விதிவிலக்குகள் வழியே மாநிலங்கள் இத்தகைய சேவைகளுக்குச் செலவிட அனுமதி வந்தபோது, இல்லத்தில் சேர்க்கவேண்டிய அளவுக்கு நலிந்தவரா என்பதே நுழைவுத் தகுதி. 2011-இல் கலிஃபோர்னியா நிதி நெருக்கடியில் தன் மெடிகெய்ட் பகல் மையத் திட்டத்தையே ரத்துசெய்ய முற்பட்டது. சுமார் 300 மையங்கள், 35,000 முதியவர்கள். வழக்கு நடந்தது. தேவையின்றி ஒருவரை நிறுவனத்தில் அடைப்பது பாகுபாடு என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் ஓம்ஸ்டெட் வழக்கில் சொன்னதே முதியவர்கள் தரப்பின் ஆயுதம். சமரசத்தின் விளைவாக 2012-இல் புதிய பெயரில் திட்டம் தொடர்ந்தது. அப்போதும் இவர் இல்லத்துக்குப் போய்விடும் ஆபத்து உண்டு என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. இவர் மகள் ஓய்ந்துபோனாள் என்பது வாதமாக நிற்க இடமில்லை.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து அந்த மகளைச் சிலர் கண்டுகொண்டிருந்தார்கள். அமெரிக்கக் குடும்பம் முதியவர்களைக் கைவிட்டுவிட்டது என்ற பரவலான நம்பிக்கை கட்டுக்கதை என்று ஈதல் ஷானஸ் 1979-இல் சான்றுகளோடு காட்டினார். நம் மேடைகளில் இன்றும் மேலைநாட்டுக் குடும்பத்தைப் பற்றி ஓயாமல் சொல்லப்படும் அதே கதைதான். எலைன் பிராடி 1981-இல், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்கும் நடுவே சிக்கிய நடுவயதுப் பெண்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் இருவரும் எழுதிய 'முப்பத்தாறு மணி நேர நாள்' மறதி நோயான டிமென்ஷியா கண்டவர்களின் குடும்பங்களுக்கான கையேடாக வெளிவந்து இன்றுவரை மறுபதிப்பு காண்கிறது. ஸ்டீவன் ஜாரிட்டும் சகாக்களும் 1980-இல் பராமரிப்பாளரின் சுமையை அளக்க ஒரு கேள்வித்தாள் வகுத்தார்கள். பங்கேற்றவை 29 குடும்பங்களே. நோயாளியின் நடத்தை எவ்வளவு கடினமானது என்பதோடு சுமை ஒத்துப்போகவில்லை. மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி எட்டிப்பார்க்கிறார்கள் என்பதோடு ஒத்துப்போனது.

அளக்கக் கருவி கிடைத்தும் முதல் அளவுகள் ஏமாற்றின. லாட்டன், பிராடி, சேப்பர்ஸ்டைன் மூவரும் 1989-இல் வெளியிட்ட பிலடெல்ஃபியா ஆய்வு, 600-க்கு மேற்பட்ட பராமரிப்பாளர்களைப் பின்தொடர்ந்தது. பராமரிப்பாளருக்குச் சற்று அவகாசம் தரும் ஓய்வுச் சேவை கிடைத்த குடும்பங்கள் மகிழ்ச்சி தெரிவித்தன. முதியவரைச் சராசரியாக 22 நாள் கூடுதலாக வீட்டில் வைத்திருந்தன. ஆனால் சுமையோ மனச்சோர்வோ குறைந்ததாகத் தெரியவில்லை. குடும்பங்கள் அந்தச் சேவையை மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருந்தன. அப்படியானால் பிழை மருந்திலா, கொடுத்த அளவிலா?

ஜாரிட் 1998-இல் விடை தந்தார். நியூ ஜெர்சி மாநிலம் பகல் மையக் கட்டணத்துக்கு உதவித்தொகை கொடுத்துவந்தது. அங்கே வாரத்துக்குக் குறைந்தது 2 நாள் வீதம் 3 மாதமாவது தொடர்ந்து மையத்தைப் பயன்படுத்திய குடும்பங்களை, அந்த வசதி இல்லாத இடத்துக் குடும்பங்களோடு ஒப்பிட்டார். பராமரிப்பாளர்களின் களைப்பும் மனச்சோர்வும் கோபமும் குறைந்திருந்தன; ஓராண்டுக்குப் பின்னும் களைப்பும் மனச்சோர்வும் குறைவாகவே நின்றன. பின்னர் அவருடைய குழு ஒரே நபரின் மையம் செல்லும் நாளையும் செல்லாத நாளையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தது. மையம் செல்லும் நாளில் பராமரிப்புத் தொல்லைகள் குறைந்தன, நல்ல அனுபவங்கள் கூடின. கூடவே பராமரிப்போடு தொடர்பில்லாத தொல்லைகளும் கூடின: அலுவலகம், வங்கி, மற்ற வீட்டுக் காரியங்கள். கிடைத்த பகலில் அவள் உறங்கவில்லை. நிலுவையில் கிடந்த வாழ்க்கையைப் பார்க்கப் போயிருக்கிறாள். ஓய்வுச் சேவை என்று துறை வைத்த பெயருக்கும் நடந்ததற்கும் இடையே இவ்வளவு தூரம்.

மையங்களின் உள்ளேயும் மாற்றம் வேண்டியிருந்தது. டிமென்ஷியா உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பல மையங்கள் தயங்கின. எழுந்து எங்காவது போய்விடுவார்கள், மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்ற அச்சம். ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை 1988-இல் தொடங்கி, பர்ட்டன் ரைஃப்லரின் பொறுப்பில் நடத்திய திட்டம், இவர்களையும் சேர்த்துக்கொண்டு நிதிநிலை தள்ளாடாமல் மையத்தை நடத்தமுடியும் என்று காட்டியது. 2016-இன் தேசியக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 4,600 மையங்கள் இருந்தன. ஒரு நாளில் சராசரியாக 2,86,300 பேர் சேர்ந்திருந்தனர். இவர்களில் வெள்ளையர் பாதிக்கும் குறைவு. நீண்டகாலப் பராமரிப்பின் வேறெந்தப் பிரிவிலும் இந்த விகிதம் இல்லை. கலிஃபோர்னியாவில் ஆர்மீனிய மையம், கொரிய மையம், ரஷ்ய மையம் என்று மொழிவாரியாகவே அவை இயங்குகின்றன. பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பதை இழுக்காக நினைக்கும் குடியேறிகளுக்கு மையம் ஏற்புடையதாக இருக்கிறது. கதவுக்கு உள்ளே தன் மொழி கேட்கிறது, தன் சாப்பாடு கிடைக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மையங்கள் மூடப்பட்டபோது ஊழியர்கள் தொலைபேசியில் விசாரிப்பதையும் வீட்டுக்கு உணவு அனுப்புவதையும் தொடரக் கலிஃபோர்னியா மாற்று ஏற்பாடு செய்தது. அப்போதும் பகல் முழுதும் குடும்பத்தின் தலையிலேயே திரும்பி விழுந்தது.

மெடிகேரின் மூல வடிவம், 1965-இல் பிறந்தது முதல் வழக்கமான பயனாகப் பகல் மையங்களுக்குப் பணம் கொடுத்ததில்லை. 2000-இல் முதியோர் சட்டத் திருத்தம் குடும்பப் பராமரிப்பாளர்களுக்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அதன் நிதி சிறியது. 2024 ஜூலை 1 அன்று மெடிகேர் நிர்வாகம் தொடங்கிய டிமென்ஷியா பராமரிப்புச் சோதனைத் திட்டம், நோய் நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ உள்ளவர்களின் பராமரிப்பாளர்களுக்கு ஓய்வு கிடைக்க ஆண்டுக்கு 2,500 டாலர் வரை ஏற்கிறது; பகல் மையத்திலும் அதைச் செலவிடலாம். முதியவர் இல்லத்துக்குப் போவாரா என்று கேட்காமல், பார்த்துக்கொள்பவர் இருக்கிறாரா என்று கேட்டே மெடிகேர் இங்கே பகல் மையத்துக்குப் பணம் தருகிறது. 2023-இல் பகல் மையக் கட்டணத்தின் நடுமதிப்பு நாளுக்கு 95 டாலர். 2,500 டாலருக்கு ஆண்டில் 26 நாள் வரும். ஜாரிட் பலன் கண்ட அளவோ வாரத்துக்கு 2 நாள், ஆண்டுக்கு 104. பேஸில் சேர்ந்தவர்களுக்கு இத்திட்டம் கிடையாது. பராமரிக்க ஆளில்லாமல் தனியே வாழும் நோயாளி திட்டத்தில் சேரலாம். ஆனால் ஓய்வுக்கான தொகை அவருக்கு இல்லை.